யு.யு. சோதனையில் ஃபை 5 டிகிரி: இந்தக் களிமண் அறிக்கையை நம்பலாமா?

எண்ணூர்க்கரை எழுதியது:

வணக்கம். எண்ணூர்ப் பக்கம் ஒரு சிறு பாலத்தின் அணுகுசாலைக்காக 3 மீட்டர் உயரத்துக்கு மண் கரை போட வேண்டும். கரையின் அடி அகலம் ஏறத்தாழ 20 மீட்டர். இடம் உப்பளத்தை ஒட்டியது. மழைக்காலத்தில் தரை மட்டத்திலேயே தண்ணீர் நிற்கும். மேலே அரை மீட்டர் காய்ந்த மண், அதன் கீழே 11 மீட்டர் வரை சாம்பல் நிறக் கடற்களிமண். எஸ்.பி.டி.யில் (சுத்தியலால் அடித்துக் குழாயை மண்ணில் இறக்கும் களச் சோதனை) அடிகளின் எண்ணிக்கை, அதாவது N மதிப்பு, 1, 2 என்றுதான் வருகிறது. ஓரிடத்தில் சுத்தியலை வைத்ததுமே கம்பி தானாக இறங்கிவிட்டது.

6 மீட்டர் ஆழத்தில் எடுத்த குலையாத மாதிரிக்கு அறிக்கையில் உள்ள யு.யு. டிரையாக்சியல் (நீர் வடிய விடாமல், சுற்றிலும் அழுத்தம் கொடுத்து மாதிரியை உடைக்கும் சோதனை) முடிவு: சி (மண்ணின் ஒட்டுவலிமை) = 9 கிலோபாஸ்கல், ஃபை (உராய்வுக் கோணம்) = 5 டிகிரி. இயற்கை ஈரப்பதம் 72 சதவீதம், நீர்ம எல்லை (மண் குழம்பாகத் தொடங்கும் ஈரப்பதம்) 78, நெகிழ் எல்லை (பிசைய வராமல் உதிரத் தொடங்கும் ஈரப்பதம்) 30. ஈர அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.52 கிராம், துகள்களின் ஒப்படர்த்தி 2.70.

வடிவமைப்பாளர் இந்த இரண்டு எண்களையும் வைத்துத் தாங்குதிறன் பார்த்துப் பாதுகாப்புக் காரணி 1.45 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எங்கள் அலுவலகத்தில் ஓய்வுபெறப் போகும் ஒரு மூத்தவர் மட்டும், "களிமண்ணுக்கு யு.யு.வில் ஃபை வந்தாலே எனக்கு வயிறு கலங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் கேட்டால் "படித்துப் பார்" என்கிறார். வெறும் 5 டிகிரிக்கு இத்தனை கலக்கம் தேவையா?

---

ப்ரூவிங்_ரிங் எழுதியது:

தம்பி, உங்கள் மூத்தவர் பயப்படுவது அந்த 5 டிகிரி எங்கிருந்து வந்தது என்பதை நினைத்துத்தான். நான் ஆய்வக மேசையில் காலம் தள்ளியவன். எனக்கும் அதே கலக்கம் உண்டு.

யு.யு. என்றால் இறுகவும் விடவில்லை, வெட்டும்போது நீர் வடியவும் விடவில்லை என்று பொருள். மாதிரியின் துளைகள் முழுக்க நீரால் நிறைந்து, வால்வும் மூடியிருந்தால், மாதிரியைச் சுற்றியுள்ள செல் அழுத்தத்தை 50இலிருந்து 150 கிலோபாஸ்கலாக உயர்த்தும்போது கூடுதலான 100ஐயும் துளைநீரே வாங்கிக்கொள்ளும். மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் அழுத்தம் துளியும் கூடாது. அது கூடாதபோது வலிமை மட்டும் எப்படிக் கூடும்? மூன்று மாதிரிகளும் ஒரே விசையில் உடைய வேண்டும். உடைவுத் தகைவுகளை வரைந்து காட்டும் மூன்று மோர் வட்டங்களும் ஒரே அளவில் வர வேண்டும், மேலே வரையும் கோடு படுத்துக் கிடக்க வேண்டும். ஃபை சுழியம் என்பது அதுதான்.

கோடு சாய்கிறது என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது. மாதிரிக்குள் காற்று இருந்திருக்கலாம். எங்கோ நீர் கசிந்து வெளியேறியிருக்கலாம். அல்லது மூன்று மாதிரிகளும் ஒரே மண்ணாக இல்லாமல் இருக்கலாம்.

முதல் ஐயத்துக்கு உங்கள் அறிக்கையே சாட்சி சொல்கிறது. ஈர அடர்த்தி 1.52ஐ 1.72ஆல் வகுத்தால் உலர் அடர்த்தி 0.884. அதிலிருந்து வெற்றிட விகிதம் 2.05 வருகிறது. 0.72ஐ 2.70ஆல் பெருக்கி 2.05ஆல் வகுத்துப் பாருங்கள்: நீர்நிறைவு 95 சதவீதம். எப்போதும் நீருக்கடியில் கிடந்த களிமண்ணுக்கு ஏது ஐந்து சதவீதக் காற்று? நிலத்தில் அது இல்லை. குழாய்க்கும் மேசைக்கும் இடையில் எங்கோ நுழைந்திருக்கிறது. முழுக்க நிறைந்த மண்ணாக இருந்தால் அந்த ஈரப்பதத்துக்கு அடர்த்தி 1.58க்கு அருகில் வந்திருக்கும்.

அறிக்கையின் கடைசிப் பக்கம் போதாது. சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதிரிகளின் உடைவுத் தகைவு, சோதனைக்குப் பிந்தைய ஈரப்பதம், என்ன குழாயில் எடுத்தார்கள், எப்படி இறக்கினார்கள் என்ற நான்கும் வேண்டும்.

---

பைல்_மேஸ்திரி எழுதியது:

மூன்று மீட்டர் கரைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? ஆய்வகம் எண் கொடுத்தது, வடிவமைப்பாளர் கையெழுத்துப் போட்டார், மண் கொட்டுபவன் கொட்டுவான். இந்த ஊரில் எத்தனையோ கரைகள் இப்படித்தான் நிற்கின்றன.

---

சரிவுக்கோணம் எழுதியது:

@பைல்_மேஸ்திரி, நிற்கும் கரைகள் கண்ணில் படும். சரிந்தவற்றை அள்ளிவிட்டு மறுபடி போட்டிருப்பார்கள், அவை எப்படிக் கண்ணில் படும்?

கல்லூரியில் இந்தப் பாடம் நடத்துபவன் என்பதால் 1.45 எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் கரைமண்ணின் எடை 19 கிலோநியூட்டன் என்று வைத்தால், கரையின் சுமை 3 × 19 = 57 கிலோபாஸ்கல். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 6403 அட்டவணையில் ஃபை 5 டிகிரிக்குத் தாங்குதிறன் காரணிகள்: சிக்கு உரிய என்.சி. 6.49, அகலத்துக்கு உரிய என்.காமா 0.45. சி பகுதி 9 × 6.49 = 58. அகலப் பகுதிக்கு மிதப்பு எடை (நீருக்கடியில் மண்ணின் எடை) 5.5, அகலம் 20, என்.காமா 0.45 மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் 25 வரும். மொத்தம் 83. அதை 57ஆல் வகுத்தால் 1.45.

இனி ஃபையைச் சுழியமாக்கி, சி 9ஐ மட்டும் வைத்துக்கொள்வோம். அப்போது என்.சி. 5.14, ஆகவே 5.14 × 9 = 46. பாதுகாப்புக் காரணி 0.8. மண் கொட்டி முடிக்கும் முன்பே கரை போய்விடும்.

அந்த 5 டிகிரியில் பாதிக்கு மேல் பலன் அகலப் பகுதியிலிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். கரை அகலமாக அகலமாக இல்லாத ஃபை இன்னும் அதிகமாக உதவிசெய்வது போலத் தோன்றும். சறுக்கு வட்டம் போட்டுப் பார்த்தாலும் கதை இதேதான்.

---

எண்ணூர்க்கரை எழுதியது:

சோதனைத் தாள் கிடைத்தது. கொடுக்கக் கொஞ்சம் முரண்டு பிடித்தார்கள். செல் அழுத்தம் 50, 100, 150. உடைவுத் தகைவு முறையே 29, 39, 48 கிலோபாஸ்கல். சோதனைக்குப் பின் ஈரப்பதம் 73, 70, 67. மூன்றுமே 38 மி.மீ. விட்டம், 76 மி.மீ. உயரம். வேகம் நிமிடத்துக்கு 1.25 மி.மீ. மூன்று வளைவுகளிலும் உச்சமே இல்லை. 20 சதவீதச் சுருக்கத்தில் நிறுத்தி அதையே உடைவு என்று எடுத்திருக்கிறார்கள். குழாயின் வெளிவிட்டம் 110, உள்விட்டம் 100. எஸ்.பி.டி. சுத்தியலால் அடித்து இறக்கியதாகத் துளையிடும் பணியாளர் சொன்னார்.

இன்னொரு கேள்வி. ஃபையைச் சுழியம் என்றே வைத்துக்கொண்டு, வலிமை என்று மூன்று தகைவுகளிலும் பாதி எடுத்துச் சராசரி பார்த்தால் 19 கிலோபாஸ்கல் வருகிறது. அப்படியானால் 5.14 × 19ஐ 57ஆல் வகுத்துப் பாதுகாப்புக் காரணி 1.7 ஆகிறதே? முன்பைவிட நல்ல எண் அல்லவா?

---

ப்ரூவிங்_ரிங் எழுதியது:

நல்ல கேள்வி. ஒரே தாளிலிருந்து 0.8, 1.45, 1.7 மூன்றையும் எடுக்க முடிகிறது என்றால், தாளில் இருப்பதை மண்ணின் வலிமை என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஈரப்பதத்தைப் பாருங்கள்: 73, 70, 67. செல் அழுத்தம் ஏற ஏற ஈரப்பதம் இறங்குகிறது. குழாயின் ஒரு முனை மட்டும் காய்ந்திருந்து அந்த முனையில் வெட்டிய துண்டு கடைசிச் சோதனைக்குப் போயிருக்கலாம். ரப்பர் உறையின் ஓ வளையம் சரியாக உட்காராமல் நீர் வெளியே போயிருக்கவும் கூடும். எதுவானாலும் இவை ஒரே மண்ணின் மூன்று மாதிரிகள் அல்ல. இளகிய களிமண்ணில் ஆறு சதவீத ஈரப்பத வித்தியாசத்தை வலிமை சும்மா விடாது. மூன்று வெவ்வேறு மண்களை ஒரு கோட்டால் கோத்து அந்தக் கோட்டின் சாய்வுக்கு ஃபை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கணினியில் மூன்று புள்ளிகளைப் போட்டால் அது கோடு போடத்தான் செய்யும். போடலாமா என்று கேட்க அதற்குத் தெரியாது.

குழாய்க்கு வருவோம். வெளிவிட்டத்தின் வர்க்கத்திலிருந்து உள்விட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து உள்விட்ட வர்க்கத்தால் வகுத்தால் பரப்பு விகிதம். உங்களுடையது 21 சதவீதம். இளகிய களிமண்ணுக்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. 75 வெளிவிட்டம், 72 உள்விட்டம் உள்ள மெல்லிய குழாய் என்றால் 8.5 வரும். அதையும் நிதானமாக அழுத்தித்தான் இறக்க வேண்டும். சுத்தியலால் அடிக்கக் கூடாது. உச்சமே இல்லாத வளைவு குலைந்த மாதிரியின் கையெழுத்து. நல்ல மாதிரியாக இருந்தால் சில சதவீதச் சுருக்கத்திலேயே உச்சம் தொட்டு இறங்கியிருக்கும்.

---

சரிவுக்கோணம் எழுதியது:

இங்கே ஐயாவோடு கொஞ்சம் முரண்படுகிறேன். மாதிரி குலைந்தால் யு.யு. வலிமை குறையத்தான் செய்யும். அப்படியானால் அறிக்கையின் எண் உண்மையைவிடக் குறைவு, நாம் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறோம் என்றாகிறதே? முதல் மாதிரி நில ஈரப்பதத்தை ஒட்டி 73இல் இருக்கிறது. அதன் பாதித் தகைவு 14.5. அதை மட்டும் எடுத்தால் பாதுகாப்புக் காரணி 1.3. கட்டும் காலத்துக்கு அதை ஏற்பவர்கள் உண்டு.

---

ப்ரூவிங்_ரிங் எழுதியது:

@சரிவுக்கோணம், குலைவு மட்டும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எதிர்ப் பக்கம் இழுப்பவையும் இருக்கின்றன. காய்ந்தால் வலிமை ஏறும். காற்று புகுந்தால் ஏறும். வேகமும் ஏற்றிக்காட்டும்: 76 மி.மீ. மாதிரியின் 20 சதவீதம் 15 மி.மீ.; நிமிடத்துக்கு 1.25 என்றால் பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கரையின் சுமையோ வாரக்கணக்கில் ஏறும். இந்த வகைக் களிமண் அவசரமாக இழுத்தால் முறைத்துக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் வழிவிடும். ஏற்றுபவை எவ்வளவு, இறக்குபவை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழி இல்லாதபோது, இரண்டும் சமமாகிவிடும் என்று நம்புவதைப் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

வெளியிலிருந்து ஒரு சாட்சி கேட்போம். இயல்பாகப் படிந்து இறுகிய களிமண்ணுக்கு மண் இயக்கவியல் அறிஞர் ஸ்கெம்ப்டன் 1957இல் தந்த தொடர்பு: நீர் வடியாத வலிமையை மேலழுத்தத்தால் வகுத்தால் 0.11 + 0.0037 × நெகிழ்வுக் குறியீடு. உங்கள் குறியீடு 78 − 30 = 48. விகிதம் 0.29. 6 மீட்டரில் பயனுறு மேலழுத்தம் (துளைநீர் அழுத்தம் போக மண் துகள்கள் தாங்குவது) 6 × 5.5, அதாவது 33 கிலோபாஸ்கல். வலிமை ஏறத்தாழ 10. பாதுகாப்புக் காரணி 0.9.

இது அனுபவத் தொடர்புதான், சோதனை அல்ல. ஆனால் 14.5க்கும் 10க்கும் நடுவில்தான் உங்கள் கரை நிற்பதும் போவதும் இருக்கிறது. வேன் சோதனை (மண்ணுக்குள் இறக்கிய சிறகுகளைத் திருகி வலிமையை அளப்பது) செய்யுங்கள். ஐ.எஸ். 4434 முறைப்படி களத்திலேயே, மண்ணை வெளியே எடுக்காமல் அளந்துவிடலாம்.

---

மூன்றாமாண்டு எழுதியது:

மாணவன் என்பதால் தயக்கத்தோடு கேட்கிறேன். இதே மாதிரி மண்ணில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஷியர் பாக்ஸில் (ஒரு பாதியை நகர்த்தி மண்ணை வெட்டும் பெட்டி) வைத்து நீர் வடியும் சோதனை செய்தோம். சி 4, ஃபை 23 டிகிரி வந்தது. மண்ணின் உண்மையான உராய்வு அதுதானே? கரைக்கு அந்த 23ஐ ஏன் எடுக்கக் கூடாது?

---

ப்ரூவிங்_ரிங் எழுதியது:

தயங்காதே தம்பி. முதலில் ஒன்று சொல்: என்ன வேகத்தில் வெட்டினீர்கள்?

---

மூன்றாமாண்டு எழுதியது:

நிமிடத்துக்கு 1.25 மி.மீ., ஐயா. மணலுக்கு வைத்திருந்த பல்சக்கரத்தை மாற்றவில்லை.

---

ப்ரூவிங்_ரிங் எழுதியது:

அப்படியென்றால் 10 மி.மீ. நகர எட்டு நிமிடம். மணலில் அந்த நேரத்துக்குள் நீர் தாராளமாக வடிந்துவிடும். களிமண்ணில் வடியாது. முழுக்கத் தங்கவும் தங்காது, ஏனென்றால் பெட்டியில் மேலும் கீழும் நுண்துளைக் கல் இருக்கிறது, வால்வு கிடையாது. உங்கள் 23 டிகிரி வடிந்ததும் அல்ல, வடியாததும் அல்ல; இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும் எண்.

வேகத்தை இறுக்கக் கட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். செங்குத்துச் சுமை வைத்ததும் மாதிரி அமுங்குவதை நேரத்தோடு குறித்து, பாதி இறுக்கத்துக்கு ஆகும் நேரத்தைப் பிடியுங்கள். உடைவுக்கு அதைப் போல ஐம்பது மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். பாதி இறுக்கத்துக்குப் பத்து நிமிடம் என்றால் உடைவுக்கு ஐந்நூறு நிமிடம். 5 மி.மீ.யில் உடையும் என்று வைத்தால் வேகம் நிமிடத்துக்கு 0.01 மி.மீ. காலையில் தொடங்கினால் மாலையில் முடியும், அதுவும் ஒரு மாதிரி மட்டும்.

பெட்டியைத் தொட்டதால் இரண்டு வார்த்தை. மேல்பாதியையும் கீழ்பாதியையும் பூட்டும் திருகுகளைக் கழற்றாமல் மோட்டாரைப் போட்டுவிட்டு, மண் அபார வலிமையோடு இருக்கிறது என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, தொங்கு கொக்கியின் எடை. பெட்டியின் பரப்பு 36 ச.செ.மீ. நெம்புகோல் ஐந்து மடங்கு என்றால் 50 கிலோபாஸ்கலுக்குக் கொக்கியில் மூன்றரைக் கிலோ சொச்சம்தான் வரும். கொக்கியே ஒரு கிலோ இருந்து அதைக் கணக்கில் விட்டுவிட்டால் சின்னச் சுமையில் பெரிய பிழை, பெரிய சுமையில் சின்னப் பிழை. கோடு அப்படியே மேலே நகர்ந்து, மணலுக்குக்கூடச் சி முளைத்துவிடும்.

---

சரிவுக்கோணம் எழுதியது:

@மூன்றாமாண்டு, சோதனை ஒழுங்காகச் செய்து 23 டிகிரியே வந்திருந்தாலும் இந்தக் கரைக்கு அதை நேரடியாக எடுக்க முடியாது. கரை போடும்போது சுமை ஏறுகிறது, களிமண்ணில் துளைநீர் அழுத்தம் ஏறுகிறது, வடிய நேரம் இல்லை. மண் கொட்டி முடித்த நாள்தான் கரைக்கு ஆக மோசமான நாள். பிறகு நீர் வடிய வடிய மண் இறுகி வலிமை கூடும். ஆகவே இங்கே ஆள்வது நீர் வடியாத வலிமை. நீர் வடியும் நிலையின் சி, ஃபை வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் துளைநீர் அழுத்தம் எவ்வளவு என்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

மண்ணை வெட்டி எடுக்கும் சரிவில் இது தலைகீழ். சுமை இறங்குவதால் துளைநீர் அழுத்தம் முதலில் இறங்கும், சரிவு நிற்கும். ஆண்டுகள் போகப் போக நீர் உள்ளே ஊறி வலிமை குறையும். அங்கே நீங்கள் சொன்ன வகை ஃபைதான் வேண்டும்.

---

சிங்கை_வாசி எழுதியது:

இந்த இடத்தில் நிக்கோல் நெடுஞ்சாலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில் சர்க்கிள் லைன் மெட்ரோவுக்காகத் தோண்டிய அகழி சரிந்து நால்வர் இறந்தார்கள். தோண்டல் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தை எட்டியிருந்தது. மண்ணோ உங்களுடையதைப் போன்ற கடற்களிமண்.

பின்னர் அமைந்த விசாரணைக் குழு கண்ட குறைகளில் ஒன்று, வடிவமைப்பில் களிமண்ணின் வலிமையைக் கணினியில் உள்ளிட்ட முறை. "முறை ஏ" என்று இங்கே எல்லாப் பொறியாளர்களுக்கும் அது தெரியும். நீர் வடியும் நிலையின் சி, ஃபை இரண்டையும் மென்பொருளில் கொடுத்துவிட்டு, மண்ணை "நீர் வடியாதது" என்று குறித்தார்கள். அந்த எளிய மாதிரியில் வெட்டும்போது சராசரிப் பயனுறு அழுத்தம் மாறாமல் நிற்கும். உண்மையான இளகிய களிமண்ணில் வெட்ட வெட்டத் துளைநீர் அழுத்தம் ஏறிப் பயனுறு அழுத்தம் இறங்கும். அதனால் கணினி நினைத்த வலிமை நிலத்தில் இருந்ததைவிட அதிகம். சுவரின் வளைவும் நகர்வும் குறைவாகக் கணக்கிடப்பட்டன.

அந்தச் சரிவுக்கு இது ஒன்றே காரணம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவரைத் தாங்கும் முட்டுகளைக் கிடைவிட்டத்தோடு (சுவரை ஒட்டிய கிடையான உத்தரம்) இணைத்த இடத்திலும் வடிவமைப்புப் பிழை இருந்தது. ஆனால் மாணவத் தம்பி கேட்ட கேள்விதான் அங்கேயும் கேட்கப்படாமல் போனது: அந்த ஃபை எந்த நிலைக்கு உரியது?

---

தேயிலைச்சரிவு எழுதியது:

கடலோரம் பற்றியே பேசுகிறீர்கள், மலையிலிருந்து ஒரு குரல். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் இறந்த நிலச்சரிவுகளுக்குப் பிறகு எங்கள் பக்கம் வீடு கட்டவும் சாலை அகலப்படுத்தவும் மண் அறிக்கை கேட்பது கூடியிருக்கிறது. ஆனால் கோடையில் மாதிரி எடுத்து, எடுத்த ஈரத்திலேயே பெட்டியில் வைத்து வெட்டிச் சி 30, 40 என்று எழுதிவிடுகிறார்கள். செம்மண் கலந்த எங்கள் மண்ணில் அந்தச் சியின் பெரும்பகுதி துளைகளில் உள்ள நீர் இழுத்துப் பிடிப்பதால் வருவது. நாலு நாள் விடாமல் பெய்தால் அது போய்விடும். சரிவு நிகழ்வதும் அந்த நாளில்தான்.

எங்கள் மண்ணுக்கு ஊறவைத்து வெட்டிய எண் வேண்டும். இன்னொரு சிக்கல், 60 மி.மீ. பெட்டிக்காக 4.75 மி.மீ. சல்லடையில் நிற்பதையெல்லாம் எடுத்து எறிகிறார்கள். எங்கள் சரிவில் பாதி கல்தான். எறிந்தது போக மிஞ்சியதைச் சோதித்துவிட்டு அதைச் சரிவின் வலிமை என்றால் எப்படி? 300 மி.மீ. பெரிய பெட்டி இருக்கும் ஆய்வகங்கள் குறைவு.

---

சரிவுக்கோணம் எழுதியது:

@தேயிலைச்சரிவு, அளவு பற்றி நீங்கள் சொன்னது விறைப்பான களிமண்ணுக்கும் பொருந்தும், ஆனால் எதிர்த் திசையில். இங்கிலாந்தில் பிராட்வெல் அணுமின் நிலையத்துக்காக 1957இல் லண்டன் களிமண்ணில் தோண்டிய அகழியின் சரிவு, 38 மி.மீ. மாதிரிகளின் வலிமைப்படி தாராளமாக நிற்க வேண்டியது; சில நாட்களில் சரிந்துவிட்டது. அந்தக் களிமண் முழுக்க விரிசல் கொண்டது. 38 மி.மீ. துண்டை வெட்டி எடுக்கும்போது விரிசலில் பிளந்தவை குப்பைக்குப் போகும், பிளக்காத நல்ல துண்டுகள்தான் சோதனைக்கு வரும். சோதிக்கப்பட்டது களிமண் கட்டி, சரிந்தது விரிசல்.

---

பைல்_மேஸ்திரி எழுதியது:

எல்லாம் சரி. இத்தனை மெதுவாக, இத்தனை கவனமாகச் செய்ய யார் பணம் கொடுப்பார்கள்? ஒப்பந்தப் புள்ளியில் மண் ஆய்வுக்கு ஒதுக்குவது காம்பவுண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் காசு. ஆய்வகங்களை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

---

ப்ரூவிங்_ரிங் எழுதியது:

மேஸ்திரி சொன்னதில் இந்த ஒன்றை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். மாதிரியை முதலில் இறுகவிட்டுப் பிறகு நீர் வடிய விடாமல் வெட்டித் துளைநீர் அழுத்தம் அளக்கும் சி.யு. சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னழுத்தம் கொடுத்து மாதிரியை நிறைவுறச் செய்ய வேண்டும். செல் அழுத்தத்தைக் கூட்டினால் துளைநீர் அழுத்தம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து, அந்தப் பி விகிதம் 0.95ஐத் தொடும்வரை விடக் கூடாது. பிறகு இறுக்கம், பிறகு மெதுவான வெட்டு. ஒரு மாதிரிக்கே சில நாள் ஆகும். ஒரே ஒரு செல் உள்ள ஆய்வகத்திலிருந்து மூன்றே நாளில் ஒன்பது சி.யு. முடிவுகள் வந்த அறிக்கையை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அழகாக வரைந்திருந்தார்கள்.

எண்ணூர்த் தம்பிக்கு ஒன்று: இனிமேல் அறிக்கை கேட்கும்போதே பி விகிதம், சோதனைக்கு முன்னும் பின்னும் ஈரப்பதம், உடைந்த மாதிரியின் புகைப்படம் மூன்றும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. சோதனையே நடத்தாதவர்களுக்கு மட்டும்தான் சிரமம்.

---

எண்ணூர்க்கரை எழுதியது:

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறேன். இந்த இழையை அச்செடுத்து வடிவமைப்பாளர் மேசையில் வைத்தேன். முதலில் முகம் சுளித்தார். ஈரப்பதம் 73, 70, 67 என்பதைப் பார்த்ததும் பேச்சு மாறியது. வேன் சோதனைக்கு ஒப்புதல் கிடைத்தது.

ஒரு துளையின் முடிவு: 2 மீட்டரில் 12, 4 மீட்டரில் 11, 6 மீட்டரில் 12.5, 8 மீட்டரில் 15 கிலோபாஸ்கல். 6 மீட்டரில் வேனைப் பலமுறை வேகமாகச் சுழற்றிக் குலைத்த பிறகு அளந்தது 3. மற்றத் துளைகளும் இதை ஒட்டியே இருக்கின்றன.

---

சரிவுக்கோணம் எழுதியது:

அருமை. ஆனால் வேன் எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம். வேனும் வேகமாகத்தான் வெட்டுகிறது. மண் பொறியாளர் பியெரம் 1972இல் உண்மையாகச் சரிந்த கரைகளைத் திருப்பிக் கணக்கிட்டு ஒரு திருத்தம் தந்தார். நெகிழ்வுக் குறியீடு 48க்கு ஏறத்தாழ 0.8. உங்கள் மதிப்புகள் 9.6, 8.8, 10, 12 என்று ஆகும். சராசரி 10.

குலையாததற்கும் குலைந்ததற்கும் விகிதம் நான்கு. அடித்து இறக்கிய தடித்த குழாய்க்குள் என்ன நடந்திருக்கும் என்று அதிலிருந்தே தெரிகிறது.

பாதுகாப்புக் காரணி 1.3 வேண்டும் என்றால் 5.14 × 10ஐ 1.3ஆல் வகுத்து 39.5 கிலோபாஸ்கல். அதாவது முதல் கட்டத்தில் 2 மீட்டர் கரை மட்டும். அதற்கு மேல் ஒரு லாரிகூட வேண்டாம்.

---

எண்ணூர்க்கரை எழுதியது:

வடிவமைப்பாளரும் 2 மீட்டர் என்றுதான் இப்போது சொல்கிறார். களிமண் நீர் விரைவாக வெளியேறச் செங்குத்து வடிகால் பட்டைகளை இறக்கிவிட்டு, முதல் கட்டம் போட்டு, எழுபது சதவீதம் இறுகும்வரை காத்திருந்து மீதி ஒரு மீட்டர். அதற்குள் வலிமை எவ்வளவு கூடியிருக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

---

சரிவுக்கோணம் எழுதியது:

2 மீட்டரின் சுமை 38 கிலோபாஸ்கல். எழுபது சதவீதம் இறுகினால் பயனுறு அழுத்தம் 26.6 கூடும். மேலே பார்த்த 0.29 விகிதப்படி வலிமை 7.7 கூடும். அந்த விகிதத்தை 0.22 என்று குறைத்து எடுப்பவர்களும் உண்டு, அப்போது 5.9. அடக்கமான கணக்கை எடுத்தால் வலிமை 15.9, தாங்குதிறன் 82, முழு 3 மீட்டருக்குப் பாதுகாப்புக் காரணி 1.4.

---

ப்ரூவிங்_ரிங் எழுதியது:

ஓர் எச்சரிக்கை. 4 மீட்டரில் உங்கள் திருத்திய வேன் மதிப்பு 8.8, மேலழுத்தத்தை 0.29ஆல் பெருக்கினால் 6 சொச்சம்தான் வருகிறது. மேல் அடுக்கு முன்பே கொஞ்சம் இறுகியிருக்கிறது என்று பொருள். அங்கே முதலில் ஏறும் சுமை பழைய இறுக்கத்தைத் தாண்டவே செலவாகும். வலிமை கணக்குப்படி ஏறாது. ஆகவே இரண்டாம் கட்டத்துக்கு முன் கரையின் நடுவிலிருந்து துளையிட்டு மறுபடி வேன் இறக்குங்கள். குறிப்பாக 2 மீட்டரும் 4 மீட்டரும். அந்த எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள்.

---

பைல்_மேஸ்திரி எழுதியது:

வடிகால் பட்டை இறக்க யாருக்காவது விலைப்புள்ளி வேண்டுமென்றால் தனிமடல் அனுப்பலாம்.